போர்டக்காவும் பொம்மைக் காரும்

என் அண்ணியின் வலது தோள் இடது தோளைவிட ஒரு சுற்றுப் பெரியது. சட்டை தைக்கக் கொடுத்தால் தையல்காரர் அளவெடுத்துவிட்டு, சந்தேகம் வந்து மறுபடியும் எடுப்பார். "பளு தூக்குவீங்களாம்மா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். "ஆமா, புருஷனைத் தூக்கி நிறுத்தறேன்" என்றாள் அண்ணி. அவள் பேச்சு அப்படித்தான். கேலி மாதிரி இருக்கும், பாதிக்கு மேல் உண்மையாக இருக்கும்.

அவளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் மாடிக்கு நேர்கீழே அவள் வீடு. வாடி போடி என்றுதான் பழக்கம். என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகு கஷ்டப்பட்டு 'அண்ணி' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டேன். 'நீங்க' மட்டும் இன்றுவரை வாயில் வரவில்லை. அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது.

நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். உலகத்திலேயே வேகமான கார்கள் ஓடுகிற பந்தயம் ஒன்று இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமைகளில் கோடிப் பேர் தொலைக்காட்சி முன்னால் உட்காருவார்களே, அந்தப் பந்தயத்தில் ஓடுகிற ஒரு பெரிய அணி. ஆனால் பந்தயம் நடக்கிற ஊர்ப்பக்கம் நாங்கள் தலைவைத்துப் படுத்ததில்லை. நாங்கள் சோதனை அணி. காருக்குப் புதிதாக எந்தப் பாகம் செய்தாலும் முதலில் எங்கள் தடத்தில் ஓட்டிப் பார்ப்போம். உடைவதாக இருந்தால் எங்களிடமே உடைந்து தொலையட்டும் என்பது ஏற்பாடு. ஓட்டுகிறவன் என் அண்ணன். சாம்பியன் உட்காருகிற இருக்கையில் அவனுக்கு முன்னால் உட்கார்ந்தவன், ஆனால் ஒரு பந்தயமும் ஓட்டியவனில்லை. பந்தியில் உட்காராமல் அடுக்களையிலேயே ருசி பார்த்து வயிறு நிறைந்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அவனுக்குக் குறையே இருந்ததில்லை. "கூட்டம் இருந்தா எனக்குக் கூச்சமா இருக்கும்" என்பான். நான் டயர்க்காரி. காற்றழுத்தம் பார்ப்பேன், சூடு பார்ப்பேன், தேய்ந்ததைக் கழற்றிக் கழுவி அடுக்குவேன்.

அண்ணிக்குப் பலகை. தடத்தை ஒட்டி இடுப்புயரச் சுவர் ஒன்று உண்டு. கார் வரும்போது அதன்மேல் சாய்ந்து பலகையை வெளியே நீட்ட வேண்டும். கறுப்புச் சட்டத்தில் மூன்று வரிசை, மஞ்சள் தகடுகளைச் செருகிக்கொள்ளலாம். மேல் வரிசையில் போன சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று போடுவாள். நடு வரிசையில் இன்னும் எத்தனை சுற்று என்று. கார் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், அதற்குள் ஓட்டுகிறவன் படித்தாக வேண்டும். மறுபடி வருவதற்குள் இவள் தகடுகளை மாற்றியாக வேண்டும். காற்றடிக்கிற நாளில் பலகை ஆளையே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்தத் தோள் அப்படி வளர்ந்ததுதான். அணியில் எல்லோருக்கும் அவள் போர்டக்கா, அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட.

வயர்லெஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. காதில் யாராவது பேசினால் அண்ணனுக்குப் பிடிக்காது, கொசு புகுந்த மாதிரி இருக்கிறது என்று பாதி நேரம் அணைத்து வைத்துவிடுவான். அவனுக்குப் பலகை போதும்.

மூன்றாவது வரிசை எதற்கு என்று யாரும் அண்ணிக்குச் சொல்லித் தரவில்லை. அதை அவள் தன் சொந்த இடமாக எடுத்துக்கொண்டாள். தகட்டில் அவளே பெயிண்ட் அடித்து எழுத்துகள் செய்தாள். 'தண்ணி' என்று போட்டால் அண்ணன் ஹெல்மெட்டுக்குள் இருக்கிற குழாயை உறிஞ்ச வேண்டும். 'மழை' என்றால் தடத்தின் அந்தக் கோடியில் தூறல். 'சோறு' என்றால் இந்தச் சுற்றோடு உள்ளே வா.

கல்யாணப் பேச்சும் அதில்தான் முடிந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் கையில் தட்டோடு, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்ற வெட்கம்கூட இல்லாமல், "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிட்டான். இவள் பதில் பேசாமல் கைகழுவிவிட்டுச் சுவர்ப்பக்கம் போய்விட்டாள். அண்ணன் காரில் ஏறினான். சுற்றுமேல் சுற்று வருகிறான், மூன்றாவது வரிசை காலி. வெயில் தாழ்ந்த பிறகு ஒரு சுற்றில் 'சரி' என்று போட்டாள். அடுத்த வளைவில் கார் திரும்பவே இல்லை. நேராகப் போய்த் தடத்தோரம் கொட்டியிருந்த ஜல்லியில் புதைந்து நின்றது. மேலாளர் பதறிப்போய் வயர்லெஸ்ஸில் கத்தினார். "காருக்கு ஒண்ணும் ஆகல சார்" என்று அண்ணன் குரல் வந்தது. "எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு." அன்றைக்கு இருட்டும்வரை நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து காருக்கு அடியிலிருந்து ஜல்லி பொறுக்கினோம். என் அண்ணனின் நிச்சயதார்த்தம் அதுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு சண்டை வந்தால் அந்த வரிசை காலியாக வரும். அன்றைக்கு அண்ணனின் நேரமெல்லாம் கெட்டுப்போகும். பொறியாளர்கள் காரைத் தரையோடு அமுக்குகிற இறக்கையில் கோளாறா, எஞ்சினில் கோளாறா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். "இறக்கையில இல்ல சார், நேத்து சாப்பாட்டு மேஜையில" என்று நான்தான் போய்ச் சொல்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த விதி வந்தது. ஒருநாள் மேலாளர் என் டயர் அடுக்கின் மேல் ஏறி நின்றார். மற்ற நாளாக இருந்தால் இறங்குங்கள் என்று சொல்லியிருப்பேன், அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"அடுத்த சீசன்ல இருந்து பந்தயம் நடக்கிற மாசங்கள்ல யாரும் தடத்துல சோதனை ஓட்டக் கூடாதுன்னு விதி போட்டுட்டாங்க. ஆரம்பத்துல சில நாள், அவ்வளவுதான். செலவு கட்டுப்படியாகல."

"யாருக்கு சார் கட்டுப்படியாகல? டயர் கழுவற எனக்கா?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாம பெரிய டீம், தாங்குவோம். சின்ன டீமுங்க எப்படித் தாங்கும்? நாம நூறு தடவை ஓட்டிப் பாத்துட்டுப் போறோம், அவங்க ஒரு தடவை ஓட்டிப் பாக்கக் கடன் வாங்கறாங்க. ரெண்டு டீம் கடைய மூடியாச்சு. இப்படியே போனா கடைசில நாம மட்டும் தனியா ஓட்டி நாமளே கைதட்டிக்க வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அநியாயமாக ஏதாவது சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த விதியால் சில சின்ன அணிகள் பிழைத்தன என்பதும் உண்மைதான். அங்கேயும் ஒரு டயர்க்காரி இருந்திருப்பாள், அவள் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கும். எங்கள் வீட்டு நியாயம் வேறு, அவ்வளவுதான்.

என்னைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டார்கள். தடம் இல்லாவிட்டால் சுவர் இல்லை, சுவர் இல்லாவிட்டால் பலகை இல்லை. அதனால் அண்ணியை அனுப்பிவிட்டார்கள். அவள் ஒப்பாரி வைக்கவில்லை, பேருந்துப் பணிமனையில் உதிரிபாகம் எடுத்துக்கொடுக்கிற வேலையைத் தேடிக்கொண்டாள். அண்ணனுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. இனிமேல் சோதனையெல்லாம் சிமுலேட்டரில்தான் நடக்குமாம். ஓர் அறையில் சக்கரமில்லாத கார், எதிரே வளைந்த பெரிய திரை, திரையில் தடம் ஓடும், இருக்கை லேசாக உதறும். ஓட்டுகிறவன் நகரவே மாட்டான். நாங்கள் அதற்குப் பொம்மைக் கார் என்று பேர் வைத்தோம்.

முதல் நாள் அண்ணன் சிரித்துக்கொண்டே ஏறினான். சில சுற்று போவதற்குள் கையைத் தூக்கினான். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கையுறையிலேயே வாந்தி எடுத்துவிட்டான். கழுத்தெலும்பு கழன்றுவிடுகிற வேகத்தில் வளைவெல்லாம் திரும்பினவன், ஓர் அங்குலம் நகராத நாற்காலியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். பட்டறையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். செலவைக் குறைப்பதற்காக வாங்கிய அந்த இயந்திரத்தின் விலையை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் வாந்தி வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து தரையில் படுத்துக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டான். வீடு சுற்றுகிறதாம். அண்ணி குனிந்து பார்த்து, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள். அவனுக்கே சிரிப்பு வந்து, சிரித்ததில் மறுபடியும் குமட்டி, எழுந்து ஓடினான்.

இரண்டாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. மருந்து போட்டுக்கொண்டு போனான், வெறும் வயிற்றோடு போனான், எதிலும் கொஞ்சமும் பலனில்லை. முகம் சாம்பலாகி இறங்கினான். மேலாளர் அவனை ஓரமாகக் கூட்டிப் போய், அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்க்கலாம், அதற்கு மேல் தன் கையில் எதுவும் இல்லை என்றார். வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து பந்தயம் ஓட்டியே பேர் வாங்கிய ஒரு பெண்ணை வரச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு நாள் முழுக்க ஓட்டினாலும் தலைகூடச் சுற்றாதாம். இனிமேல் இந்தப் பந்தயத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத்தான் காலம் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

"போனாப் போகுது, விடுண்ணா. வேற வேலையா கிடைக்காது?" என்றேன்.

"எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போலக் கேட்டான்.

அண்ணிக்குப் பயம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். "காரை எடுத்துட்டா இந்த மனுஷன்கிட்ட மிச்சம் என்ன இருக்கும்னு எனக்கே தெரியலடி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். "நான் இருக்கேன். ஆனா நான் மட்டும் போதுமான்னு கேட்டா, போதும்னு பொய் சொல்லுவாரு."

விடை பொம்மைக் கார் அறையில் வேலை பார்க்கிற இன்னொரு பெண்ணிடமிருந்து வந்தது. திரையெல்லாம் அவள் பொறுப்பு. வேலையில் கெட்டிக்காரி, மனசும் நல்ல மனசு. ஹெல்மெட்டுக்குள் சின்னதாக ஒரு கேமரா வைத்து, ஓட்டுகிறவனின் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்வார்கள். திரையில் அது ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். அந்த இரண்டாவது ஓட்டத்தின் பதிவை இவள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டாள். தலைச்சுற்றல் இருந்ததால் அண்ணிதான் அவனைக் கூட்டி வந்திருந்தாள். நான் வேலையை விட்டுவிட்டுப் போய்க் கதவோரம் நின்றுகொண்டேன்.

"இங்க பாருங்க" என்று படத்தை ஓட்டினாள். "வளைவுல எல்லாம் உங்க கண்ணு சரியாத்தான் இருக்கு. நேர்த்தடம் வருதா, இதோ." பச்சைப் புள்ளி சடாரென்று இடப்பக்கம் ஓடித் திரையை விட்டே வெளியே போய், உடனே திரும்பி வந்தது. "ஒவ்வொரு சுற்றுலயும் இதே இடம். அங்க திரை கிடையாது, இருட்டுச் சுவர்தான். ஓடற தடத்துல இருந்து ஓடாத சுவருக்குப் போயிட்டுத் திரும்பறீங்க. அதுலதான் வயிறு பிரட்டுது. அங்க என்னத்தப் பாக்கறீங்க?"

அண்ணன் நிஜமாகவே யோசித்தான். "ஒண்ணும் இல்லையே. நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்லையே!"

எனக்குப் பின்னால் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அண்ணி வெளியே போயிருந்தாள். தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாயடியில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள்.

"என்ன அண்ணி?"

"அங்க நான் இருக்கேன்டி" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. நேர்த்தடம், இடப்பக்கம், சுவர். இத்தனை வருஷமாக ஒவ்வொரு சுற்றிலும் அவன் கண் போய்வந்த இடம் அது. பலகை போய், சுவர் போய், தடமும் போய்விட்டது. கழுத்து மட்டும் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது, அவனுக்கே தெரியாமல்.

உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த இடத்தில் திரையை நீட்டிப் பலகையை வரைந்துவிடலாமே என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "வரைஞ்சாலும் தலை திரும்பறது திரும்பறதுதான், அதுதான் பிரச்சனையே. சுற்று நேரம் வேணும்னா நேரா எதிர்லயே காட்டிடறேன். ஆனா அவரு அந்தப் பக்கம் திரும்பவே கூடாது." அண்ணியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சாரிக்கா" என்றாள். அவள் மேல் என்ன தப்பு இருக்கிறது?

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்தது வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சாப்பாட்டு மேஜை நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு அண்ணனை உட்கார வைத்தாள் அண்ணி. கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே தடத்தை ஓட்டச் சொன்னாள். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற பயிற்சிதான் அது. கை காற்றில் வளைக்கும், கால் தரையை மிதிக்கும். தன் தலை திரும்புகிறது என்று அவன் அதுவரை நம்பவே இல்லை. அண்ணி அவனுக்கு இடப்பக்கமாக, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். கை கடைசி வளைவை முடித்து நேரானது. தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. "இப்பக் கண்ணைத் திறங்க" என்றாள்.

திறந்தான். எதிரே அவள் நின்றாள். நான் அடுக்களைக்குள் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

அதற்குப் பிறகு தினமும் இதே வேலைதான். அவன் ஓட்டுவான், இவள் இடப்பக்கம் தலையணையோடு நிற்பாள். திரும்பினால் முகத்தில் தலையணை விழும். "பாக்காதீங்கன்னா பாக்காதீங்க! அப்படி என்ன இருக்கு இந்த மூஞ்சில?" என்று திட்டுவாள். முதல் நாட்களில் வாங்கின அடிக்குக் கணக்கே இல்லை. போகப்போகக் குறைந்தது. கடைசி நாள் சாயங்காலம் தலையணை அவள் கையிலேயே இருந்தது. அவன் நேராகவே பார்த்துக்கொண்டு ஓட்டினான். அவள் முகத்தை நான் பார்த்தேன். ஜெயித்த முகமாக அது இல்லை.

மூன்றாவது ஓட்டத்தன்று அண்ணி பணிமனையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். எங்களைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். எதிரே சின்னத் திரையில் தடம் ஓடியது, அதில் அந்தப் பச்சைப் புள்ளி. அதுதான் என் அண்ணனின் கண் என்று நினைக்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மேலாளர் பின்னால் கை கட்டி நின்றார்.

முதல் சுற்றில் நேர்த்தடம் வந்தது. புள்ளி இடப்பக்கம் துடித்தது, ஒரு விரல்கடை நகர்ந்தது, பிறகு இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. பலகை தூக்கின கை அல்லவா! அடுத்த சுற்றில் துடிப்பு கொஞ்சம்தான். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். "பாக்காதீங்க, பாக்காதீங்க" என்று அவள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு ஒன்றும் கேட்காது.

பிறகு ஒரு சுற்றில் புள்ளி அசையவே இல்லை. நேர்த்தடம் முழுக்க நட்ட நடுவில், எதிரே பார்த்தபடி நின்றது. அதற்குப் பிறகு ஒரு தடவையும் அசையவில்லை. மத்தியானம்வரை ஓட்டினான். சோதனைக்குக் கொடுத்த புது இறக்கை பழையதைவிடப் பரவாயில்லை, ஆனால் வேக வளைவில் பின்பக்கம் லேசாக நழுவுகிறது என்று சொன்னான். அந்தப் பெண் கணக்கைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றாள். மேலாளர் கட்டியிருந்த கையைப் பிரித்து, "திங்கட்கிழமையில இருந்து வந்துடச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் விசிலடித்தேன், அந்த அறையில் விசிலடிக்கக் கூடாது என்று தெரிந்தே.

அண்ணி மட்டும் கைதட்டவில்லை. ஓட்டம் முடிந்த பிறகும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினான். வியர்த்திருந்தது, ஆனால் முகத்தில் ரத்த ஓட்டம் இருந்தது. பரீட்சையில் தேறின பையனைப் போல நேராக அவளிடம் வந்தான்.

"ஒரு தடவகூட உன்னப் பாக்கல!" என்றான்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"தெரியும்" என்றாள் அண்ணி. "நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்."

அத்தனை பேர் முன்னாலும் அவன் அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டான். பட்டறையில் அவள் கையைக்கூடத் தொடாதவன், கூட்டம் என்றால் கூச்சப்படுகிறவன். அவள் அந்தப் பெரிய தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அந்தப் பெண் மெல்லப் போய்த் திரைகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். நான் மேலாளரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.